மேசைக்கு எந்தப் பூச்சு, அடுத்த வேலை எப்போது: மரவேலையின் கடைசிக் கட்டத்தில் ஓர் ஒப்பீடு

மூட்டுகளில் பசை இறுகி, நான்கு கால்களும் தரையில் ஆடாமல் நின்று, மேற்பலகையும் இழைத்து முடிந்த நிலையில் ஒரு மேசை இருக்கும்போது, அதைச் செய்தவர் இன்னும் இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும். அந்த மேசைக்கு எந்தப் பூச்சைக் கொடுப்பது என்பது ஒன்று. அடுத்த மரவேலை எது, அதை எப்போது தொடங்குவது என்பது மற்றொன்று. இவற்றைத் தனித்தனிக் கேள்விகளாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பூச்சு உலர்வதும் புதுப் பலகை அறுபடுவதும் ஒரே அறையில் நடக்கும்போது, முதல் கேள்விக்கான விடை இரண்டாவதன் விடையைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. எனவே இங்கே இரண்டையும் சேர்த்தே ஒப்பிடுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டிலோ சிறு பட்டறையிலோ கையால் செய்யும் மரச்சாமானுக்குப் பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு கடினமானது என்று பார்ப்பதற்கு முன்பே, பத்தாண்டு கழித்து அதைச் செய்தவரே பழுது பார்க்க முடியுமா என்றும், அது உலரும்வரை தூசியில்லாத இடத்தை அவரால் தர முடியுமா என்றும் பார்க்க வேண்டும்.

பூச்சு மரத்துக்கு என்ன செய்கிறது என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. எந்தப் பூச்சும் மரம் விரிந்து சுருங்குவதை நிறுத்துவதில்லை. காற்றின் ஈரத்தை மரம் வாங்குவதையும் விடுவதையும் அது மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது சுருக்கம் தொடங்குகிறது. நீளவாக்கில் அது பெரும்பாலும் 0.1 முதல் 0.2 சதவீதம் வரைதான்; அகலவாக்கிலோ பல மடங்கு அதிகம், அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிச் செல்லும் திசையில், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதனால்தான் மேற்பலகையின் மேல்முகத்துக்கு மட்டும் பல சுற்றுப் பூச்சு கொடுத்துவிட்டு அடிமுகத்தை அப்படியே விட்டால், இரு முகங்களும் வெவ்வேறு வேகத்தில் ஈரத்தை ஏற்று, பலகை வளைய இடம் உண்டாகிறது. எந்தப் பூச்சைத் தேர்ந்தாலும், கண்ணுக்குத் தெரியாத அடிமுகத்துக்கும் அதே பூச்சைக் கொடுப்பது நல்லது.

பூச்சுகளை ஒப்பிடுவதற்கு முன் உப்புத்தாள் வேலையைப் பற்றி ஒரு சொல். இதில் குறை இருந்தால், கீழே சொல்லப்போகும் எந்தத் தேர்வும் மேசையைக் காப்பாற்றாது. தாளின் எண் கூடக் கூட அதன் மணல் நுண்மையாகும்; 80, 120, 180, 220 என்ற வரிசையில், ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணின் கீறல்களை முழுவதுமாக நீக்கிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். விளக்கைப் பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து ஒளியை விழச் செய்தால், மேலிருந்து பார்க்கும்போது மறைந்திருக்கும் கீறல்களும் இழைப்புளியின் தடங்களும் எழுந்து தெரியும். மூட்டுகளில் பிதுங்கி உலர்ந்த பசை பூச்சை உள்ளே விடாமல் வெளிறிய திட்டாக நின்றுவிடும் என்பதால், டர்பெண்டைன் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துப் பார்த்து அந்த இடங்களைக் கண்டுபிடித்துச் சுரண்டிவிட வேண்டும். படலமாக நிற்கும் பூச்சுகளுக்கு 220க்கு மேல் தேய்ப்பதில் பயனில்லை. குறுக்கே வெட்டிய முனைகள் மட்டும் விதிவிலக்கு: அவை பூச்சைக் கூடுதலாக உறிஞ்சிக் கறுத்துப்போகும் என்பதால், அவற்றை 320 வரை மென்மையாக்குவது நல்லது.

இனி பூச்சுகளுக்கு வருவோம். மரத்துக்குள் ஊறி இறுகும் எண்ணெய்கள், மரத்தின் மேல் படலமாக நிற்கும் வார்னிஷ் வகைகள் என்று இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. அவலரக்கு (ஷெல்லாக்) படலமாக நின்றாலும் அதன் இயல்பு வேறாக இருப்பதால், அதைத் தனியே பார்க்க வேண்டும்.

எண்ணெய்களில் ஆளி விதை எண்ணெயும், டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெயும் முதன்மையானவை. இவை நீர் ஆவியாவதுபோல் உலர்வதில்லை; காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து திடமாகின்றன. எதுவும் சேர்க்காத ஆளி விதை எண்ணெய் இறுக வாரக்கணக்கில் ஆகும். மாங்கனீசு, கோபால்ட் போன்ற உலோக உலர்த்திகள் சேர்த்து விற்கப்படுவது ஏறத்தாழ ஒரு நாளில் தொடும் நிலைக்கு வந்துவிடும். டங் எண்ணெய் நீரை அதைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே கூடுதலான நாட்களைக் கேட்கும். பூசும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்: தாராளமாகத் தடவி, பதினைந்து இருபது நிமிடம் ஊறவிட்டு, மேலே மிஞ்சியதை ஒரு துளியும் விடாமல் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் விட்டது பிசுபிசுப்பாகவே நெடுநாள் கிடக்கும். பயன் என்னவென்றால், இழையின் ஆழம் வேறெந்தப் பூச்சிலும் இல்லாத அளவுக்குத் துலங்கும். ஓரிடத்தில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மீண்டும் எண்ணெய் தடவினால் ஒட்டுத் தெரியாமல் கலந்துவிடும். குறை என்னவென்றால், சிந்திய நீரும் சூடான பாத்திரமும் ஆளி விதை எண்ணெய்ப் பரப்பில் எளிதில் தடம் பதிக்கும். காலப்போக்கில் நிறமும் மஞ்சளாகும். எண்ணெயோடு மெழுகைக் கலந்து விற்கப்படும் கடின மெழுகு எண்ணெய்கள் இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டுகின்றன. அன்றாடம் புழங்கும் மேசைக்கு எண்ணெய்ப் பூச்சுதான் வேண்டும் என்பவருக்கு நான் அவற்றையே சொல்வேன்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பவர் ஓர் ஆபத்தை அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆக்சிஜனோடு பிணையும்போது எண்ணெய் வெப்பத்தை வெளிவிடுகிறது. பலகையின் பரப்பில் அந்த வெப்பம் உடனே கலைந்துவிடும். துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவியலாக மூலையில் போட்டாலோ, வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளுக்குள் ஏறி, நெருப்புப் பொறி எதுவும் இல்லாமலேயே துணி தானாகத் தீப்பற்றும். பட்டறைகளும் வீடுகளும் இப்படி எரிந்திருக்கின்றன. துணிகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் வெளியில் விரித்து முழுதும் விறைக்கும்வரை உலர்த்த வேண்டும். இல்லையேல் நீர் நிரப்பிய, மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் அமிழ்த்தி வைக்க வேண்டும். அடுத்த வேலைக்கான மரத்தூளும் சீவலும் அதே அறையில் கிடக்குமானால், இதில் அலட்சியத்துக்குச் சிறிதும் இடமில்லை.

அவலரக்கு, அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினிலிருந்து கிடைப்பது. இன்றும் மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேற்பூச்சாகப் பயன்படுகிறது; ஒரு காலத்தில் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற கிராமபோன் இசைத்தட்டுகளும் இதைக் கொண்டே வார்க்கப்பட்டன. ஒரு லிட்டர் எரிசாராயத்தில் 200 முதல் 250 கிராம் வரை கரைத்துக்கொண்டால் தூரிகைக்கும் துணிப்பொதிக்கும் ஏற்ற பதம் வரும். கரைத்த கரைசல் நாளாக நாளாக உலரும் திறனை இழப்பதால், வேலைக்கு வேண்டிய அளவே கரைப்பது உத்தமம். இதன் பெருஞ்சிறப்பு வேகம். பூசியது சில நிமிடங்களில் தொடும் நிலைக்கு வந்துவிடும். ஒரே நாளில் பல சுற்று ஏற்றலாம். புதிதாகப் பூசும் சுற்று அடியிலுள்ள பழைய சுற்றைச் சற்றுக் கரைத்து அதனோடு ஒன்றிவிடுவதால், சுற்றுகளுக்கிடையே பிரிவே இருக்காது. இருபதாண்டு பழைய பரப்பிலும் இதே முறையில் பழுது பார்க்கலாம் என்பது, பழுதைப் பெரிதாக எண்ணும் என் போன்றோருக்கு மிக வலுவான காரணம். ஆனால் அவலரக்கு 75 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். சாராயம் அதைக் கரைக்கும். அம்மோனியா கலந்த துடைப்பான்கள் அதைச் சிதைக்கும். ஈரமான கோப்பை நெடுநேரம் நின்றால் வெண்வளையம் விழும். சாப்பாட்டு மேசைக்கு இது பொருந்தாது. சுவரோரச் சிறுமேசை, கண்ணாடிச் சட்டம், நகைப்பெட்டி, இழுப்பறையின் உட்புறம் ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன். குறிப்பாக இழுப்பறைகளுக்குள் எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ பூசினால், காற்றோட்டம் இல்லாத அந்த இடத்தில் வாடை மாதக்கணக்கில் தங்கித் துணிகளிலும் ஏறிவிடும். அவலரக்கில் அந்தத் தொல்லை இல்லை.

பாலியூரித்தேன் வார்னிஷ் வலிமையில் மற்ற இரண்டையும் மிஞ்சும். வெப்பம், நீர், சாராயம், உராய்வு அனைத்தையும் அது தாங்கும். எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட வகை மரத்துக்குச் சற்றுப் பொன்னிறச் சாயல் தரும். சுற்றுகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு நாள் கேட்கும். முழுமையாக இறுக ஒரு மாதம் வரை ஆகலாம். நீரை அடிப்படையாகக் கொண்ட வகை சுமார் இரண்டு மணி நேரத்தில் அடுத்த சுற்றுக்குத் தயாராகும், நிறம் மாற்றாது, வாடை குறைவு. ஆனால் அதிலுள்ள நீர் மரத்தின் நார்களை எழுப்பிவிடுவதால், பூசுவதற்கு முன்பே ஈரத்துணியால் பரப்பைத் துடைத்து, உலர்ந்தபின் எழுந்த நார்களை மெல்லத் தேய்த்துவிட வேண்டும். இந்த வகையில் எஃகுக் கம்பளியைப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் உடைந்த இழைத்துண்டுகள் துருப்பிடித்துக் கறையாகும். இரு வகைக்கும் பொதுவான பலவீனம் பழுதுபார்ப்பில் இருக்கிறது. இறுகிய படலத்தைப் புதுச் சுற்று கரைக்காது. அதன்மேல் ஒட்டிக்கொள்ள மட்டுமே செய்யும். நடுவில் ஓர் ஆழக்கீறல் விழுந்தால், அந்த இடத்தை மட்டும் சரிசெய்து மறைப்பது கடினம்; பெரும்பாலும் முழுப் பரப்பையும் தேய்த்து மறுபடி பூச வேண்டிவரும்.

நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் 1920களில் தொழிற்சாலைகளில் வேரூன்றியது. மிக விரைவில் உலரும், அவலரக்கைப் போலவே பழைய சுற்றோடு கலக்கும். ஆனால் அதைத் தெளிப்பானில் பூசுவதே முறை. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். தக்க காற்றோட்டமும் முகமூடியும் இல்லாத வீட்டுப் பட்டறைக்கு அது உரியதன்று. மெழுகைத் தனிப்பூச்சாகக் கொள்வதையும் நான் ஆதரிப்பதில்லை. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும். ஒரு பனை வகையின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னூபா மெழுகு அதைவிடக் கடினம் என்றாலும், இரண்டுமே வேறொரு பூச்சின் மேல் மெருகாக நிற்கும்போதுதான் பயன் தருகின்றன.

தேர்வு மரத்தின் இனத்தையும் பொறுத்தது. தேக்கு, ஈட்டி போன்ற மரங்களில் இயல்பாகவே உள்ள எண்ணெய்ப்பசை, எண்ணெய் வார்னிஷ் இறுகுவதைத் தடுக்கக்கூடும். பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் பரப்பைத் துடைப்பது ஒரு வழி. மெழுகு நீக்கிய அவலரக்கை ஒரு சுற்று அடிப்பூச்சாகக் கொடுத்து மரத்தின் எண்ணெயை அடைத்துவிடுவது இன்னொரு வழி. இரண்டாவதே எனக்கு நம்பிக்கையானது. அங்கே மெழுகு நீக்கியதையே வாங்க வேண்டும், மெழுகுள்ள அவலரக்கின் மேல் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது. எந்த மரமானாலும், அதே பலகையின் மிச்சத் துண்டை அதே எண்கள்வரை தேய்த்துப் பூச்சைச் சோதித்துப் பார்க்காமல் மேசையில் கைவைக்கக் கூடாது. அந்தத் துண்டின் பின்புறம் பூச்சின் பெயரையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் எழுதி வைத்தால், அது அடுத்தடுத்த வேலைகளுக்கும் துணையாகும்.

ஆகவே நாள்தோறும் சாப்பிடவும் பிள்ளைகள் எழுதவும் பயன்படும் மேசைக்குக் கடின மெழுகு எண்ணெயா, பாலியூரித்தேனா என்பதே உண்மையான போட்டி. ஆண்டுக்கொரு முறை அரைநாள் ஒதுக்கிப் பரப்பைப் புதுப்பிக்க மனமுள்ளவர் எண்ணெயை எடுக்கலாம். பிறருக்குக் கொடுக்கப்போகும் மேசை, அவர்கள் அதைப் பேணுவார்கள் என்ற உறுதி இல்லை என்றால், பாலியூரித்தேனே நேர்மையான தேர்வு. இந்த இடத்தில்தான் அடுத்த வேலை பற்றிய கேள்வி குறுக்கிடுகிறது.

எண்ணெய் வார்னிஷ் தூரிகையிலிருந்து இறங்கியபின் சில மணி நேரம் ஒட்டும் நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் காற்றில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் அதில் நிரந்தரமாகப் பதியும். நுண்ணிய மரத்தூள் கண்ணுக்குத் தெரியாமல் நெடுநேரம் காற்றில் நிற்பதால், காலையில் ரம்பம் ஓட்டிவிட்டு மாலையில் வார்னிஷ் பூசுவதும் பாதுகாப்பானதன்று. துடைத்தெடுக்கும் எண்ணெய்க்கு இந்தக் கட்டுப்பாடு மிகக் குறைவு, மேலே ஒட்டும் படலமே மிஞ்சுவதில்லை. அவலரக்கு விரைவில் உலர்வதால் ஓரிரு நாள் ஒதுக்கினால் போதும். எண்ணெய் வகைப் பாலியூரித்தேனுக்கு மூன்று நான்கு சுற்றுகள் என்று வைத்துக்கொண்டால், தனியறை இல்லாதவருக்குப் பட்டறை ஏறத்தாழ ஒரு வாரம் முடங்கும். அந்த ஒரு வாரத்தைத் தாங்க முடியாமல் பாதியில் புது மரத்தை அறுக்கத் தொடங்குவதே, நன்றாகச் செய்யப்பட்ட பல மேசைகள் சொரசொரத்த பரப்போடு நிற்பதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

பழையதை முற்றிலும் முடிக்கும்வரை புதியதைத் தொடாதிருப்பது ஒரு வழி. இது ஒழுங்கானது, ஆனால் பூச்சு உலரும் நாட்கள் வீணாவதோடு, கை ஓய்ந்த இடைவெளியில் ஆர்வமும் தளர்கிறது. உடனே புதியதில் இறங்கிப் பழையதை இடையிடையே கவனிப்பது மற்றொரு வழி. இதில் பழைய வேலை ஏதோ ஒரு மூலையில் இரண்டாம் சுற்றோடு நின்றுவிடும், அரைகுறை வேலைகள் சேர்ந்துகொண்டே போகும். நான் பரிந்துரைப்பது இவற்றுக்கு நடுவிலானது: அடுத்த வேலையை மேசையின் முதல் சுற்றுப் பூச்சன்றே தொடங்கலாம், ஆனால் கடைசிச் சுற்று உலரும்வரை மரத்தை அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. அதற்குள் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. வரைபடம் போட வேண்டும். வெட்டுப் பட்டியல் எழுத வேண்டும். உளிகளையும் இழைப்புளி அலகுகளையும் நீர்க்கல்லில் தீட்ட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, புதுப் பலகைகளை வாங்கி வந்து, இடையே சட்டங்கள் கொடுத்துக் காற்றுப் புகும்படி அடுக்கி, அந்த அறையின் ஈரத்துக்கு அவற்றைப் பழகவிட வேண்டும். பச்சை மரத்தைக் காற்றில் உலர்த்த ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. ஏற்கெனவே உலர்த்தி விற்கும் பலகைக்கும் சில வாரம் இருப்பிடத்தில் கிடப்பது நன்மையே. பூச்சு இறுகும் வாரங்களும் பலகை பழகும் வாரங்களும் ஒன்றாகவே கழிந்துவிடும்.

அடுத்து எதைச் செய்வது? மேசையில் கற்ற திறன்களில் பெரும்பகுதியை மீண்டும் கேட்டு, புதிதாக ஒன்றை மட்டும் சேர்க்கும் பொருளே ஏற்றது என்பது என் கருத்து. அந்த வகையில் நாற்காலி பலரையும் ஈர்த்தாலும் இரண்டாவது வேலைக்கு அது அவசரம். மேசையின் மூட்டுகள் பெரும்பாலும் 90 டிகிரியில் இருக்கும். நாற்காலியில் கால்கள் இரு திசைகளிலும் சாய்ந்து, முதுகும் இருக்கையும் சந்திக்கும் மூட்டு ஒருவர் சாயும் ஒவ்வொரு முறையும் நெம்புவிசையைத் தாங்க வேண்டியிருக்கும். முக்காலி அந்தச் சாய்வுகளை முதுகின் சுமை இல்லாமல் கற்பிக்கிறது, மூன்று கால்கள் எந்தத் தரையிலும் ஆடாது என்ற வசதியும் உண்டு. புறாவால் மூட்டுகளோடு (புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்பவை) ஒரு சிறுபெட்டி, துல்லியமாக அறுப்பதைக் குறைந்த மரத்தில் பழக்கும். மூட்டு கெட்டால் இழப்பும் சிறிது. புத்தக அடுக்கு எளிதாகத் தோன்றும், ஆனால் அதில் கணக்கு இருக்கிறது: புத்தகம் நிறைந்த தட்டின் நீளத்தை இரட்டித்தால் தொய்வு 16 மடங்காகும், தடிமனை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். நீளத்தைக் குறைத்து நடுவில் ஒரு செங்குத்துப் பலகை வைப்பதே மரத்தை மிச்சப்படுத்தும் வழி. நேர்கோட்டு மூட்டுகளில் கை தேர்ந்தவர் பெட்டியையும், சாய்வுக் கோணங்களுக்குப் போக விரும்புபவர் முக்காலியையும் எடுக்கலாம். என்னைக் கேட்டால் பெட்டியைச் சொல்வேன், இழுப்பறைகளுக்கு அதுவே அடித்தளம்.

எதை எடுத்தாலும், புது வேலையில் பூச்சைப் பற்றிய முடிவு பசைக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். பெட்டியின் உள்மூலைகளில் தேய்க்கவோ துடைக்கவோ இடம் இராது என்பதால், மூட்டுகளுக்குள் பசை படும் பரப்புகளை மட்டும் நாடாவால் மறைத்துவிட்டு, உட்புறத்தைப் பொருத்துவதற்கு முன்பே பூசிவிடலாம். மூடிக்குச் சட்டம் கோத்து நடுவே பலகையை மிதக்கவிடும் அமைப்பு என்றால், இது இன்னும் கட்டாயமாகிறது: பலகைக்குப் பசை வைப்பதில்லை, அது சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (நீள்பள்ளத்துக்குள்) தன்னிச்சையாக விரிந்து சுருங்க வேண்டும். பொருத்திய பின் பூசினால், வறண்ட காலத்தில் பலகை சுருங்கும்போது காடியிலிருந்து பூச்சுப் படாத வெளிர்க்கோடு ஒன்று விளிம்பு நெடுக வெளிப்படும். தடித்த பூச்சாக இருந்தால் பலகையைச் சட்டத்தோடு ஒட்டிவைத்து வெடிப்பையும் உண்டாக்கலாம். ஆகவே பலகையை இரு முகங்களிலும் நான்கு விளிம்புகளிலும் முதலில் பூசி, முழுதும் இறுகவிட்டு, அதன் பிறகே சட்டத்துக்குப் பசை வைக்க வேண்டும்.